இடது கைப் பிரேக்

அவருக்குத் திருகாணி என்று பெயர் வைத்தது கடையில் கூட வேலை பார்ப்பவர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். முன்பக்கம் கண் பரிசோதனை நடக்கும், பேரம் நடக்கும், வந்தவர்கள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். பின்பக்கம் இவர் லென்ஸைத் தேய்த்து, வட்டத்துக்குள் உட்காரவைத்து, எள்ளளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு முறுக்குவார். ஒரு திருகாணி தரையில் விழுந்துவிட்டால் அது கிடைக்கும்வரை யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. ஒரு தடவை கடை முதலாளியையே வாசலில் ஒற்றைக்காலில் நிற்கவைத்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்து, "ஃபிரேம் வருது, வாங்கி உள்ள வச்சிடு" என்றால், மனைவி கதவைத் திறந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றதில் என்ன தப்பு? வந்ததோ ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி.

அவள் திரும்பப் போன் செய்தாள். "இது யாரு மூஞ்சிக்குங்க?"

"சைக்கிள் ஃபிரேம் அது."

"யாருக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தும் அவர் பதிலைத் தயார் செய்து வைக்கவில்லை. "எனக்குத்தான். தொப்பை கரையணும்னு டாக்டர் சொன்னார்ல."

டாக்டர் சொன்னது உண்மைதான். சொல்லி ஆறு வருடம் ஆகிறது.

அவளைத் தெருவில் எல்லோரும் தபால்காரம்மா என்பார்கள். இருபத்திரண்டு வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவள். ஆபீஸில் கொடுத்த வண்டி, இரும்புக் கட்டிலுக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். முன்னால் ஒரு பை, பின்னால் இரண்டு பை. மேடு ஏறும்போது வண்டி என்னை ஓட்டுதா, நான் வண்டியை ஓட்டறேனான்னே தெரியல என்பாள். ஏரிக்கரைச் சாலையில் காலை வேளைகளில் பந்தய சைக்கிள்காரர்கள் கும்பலாக அவளைத் தாண்டிப் போவார்கள். வளைந்த ஹேண்ட்பார், விரல் அகல டயர், குனிந்த முதுகு. போகிற போக்கில் "வணக்கம் மேடம்" என்பார்கள். அவள் பதில் வணக்கத்தை முடிப்பதற்குள் வளைவு திரும்பியிருப்பார்கள்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு கடுதாசிகூட இல்லாம அந்த மாதிரி வண்டில போகணுங்க" என்று எப்போதோ சொல்லியிருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னது. சொன்னவளுக்கே ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். திருகாணிக்கு இருந்தது.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இடது கையிலிருந்த பிரி நழுவியது. மறுபடி எடுத்தாள், மறுபடி நழுவியது. "என்னங்க, என் கை சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் இருந்தது. கண்ணாடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆயிரக்கணக்கான முகங்களை மட்டம் பார்த்த கண் அவருடையது. முகத்தின் மட்டம் சாய்ந்திருப்பதை ஒரு நொடியில் கண்டுகொண்டார். எதிர்வீட்டு பிளம்பரின் வேனில், குழாய்களுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டர்.

பேச்சு ஒரு வாரத்தில் திரும்பியது. கால் இரண்டு மாதத்தில் திரும்பியது. இடது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. விரல்களை மடக்கச் சொன்னால் யோசித்து மடக்கும். விரிக்கச் சொன்னால் அதைவிட நேரம் யோசிக்கும். அவளைத் தபால் பிரிக்கும் பிரிவில் உட்காரவைத்தார்கள். அவளுடைய வண்டி வேறொருவருக்குப் போனது. காலையில் தலை பின்னிவிடும் வேலை திருகாணிக்கு வந்தது. முதல் வாரம் கயிறு திரித்த மாதிரி இருந்த பின்னல், மூன்றாவது மாதத்தில் ஆபீஸில் "யாருங்க பின்னிவிட்டது?" என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டது.

ஃபிரேம் கிடைத்தது கடைக்கு வந்த ஒருவரிடமிருந்து. கணக்கு வாத்தியார். படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியதையும், முட்டி போய்விட்டதையும், சக்கரம் முதல் சங்கிலி வரை எல்லாம் கைமாறிப்போய் வெறும் ஃபிரேம் மட்டும் பரண்மேல் கிடப்பதையும் சொன்னார். அவர் குள்ளமான மனிதர். திருகாணி கண்ணாலேயே அவரை அளந்தார். மனைவியின் உயரம்தான். "சார், அதை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டார். வாழ்க்கையில் வாய்விட்டு எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர், அன்றைக்குக் கேட்டுவிட்டு, கையிலிருந்த லென்ஸை மூன்று தரம் துடைத்தார்.

கரும்பச்சை நிறம். மெல்லிய இரும்புக் குழாய்கள். ஒரு கையால் தூக்கலாம். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு அவர்களுடையது. வேலைக்கென்று தனி இடம் கிடையாது. பால்கனியில் துணிக்கொடி மாட்டுகிற கொக்கியில், பழைய சேலைத் துண்டைக் கிழித்துக் கட்டி, ஃபிரேமைத் தொங்கவிட்டார். துணியெல்லாம் ஹாலில் நாற்காலி முதுகில் காயப் போனது.

பிளம்பர் வந்து பார்த்தார். வாய் ஓயாத மனிதர், திருகாணியைவிடப் பத்து வயது சின்னவர். "அண்ணே, இதுக்குச் சக்கரம் வரும்ல? இல்ல, இப்படியே தொட்டிலாத்தான் வச்சுக்கப் போறீங்களா?"

"ஒண்ணொண்ணா வரும்."

ஒன்றொன்றாக வந்தது. சாயங்காலங்களில் படித்தார், போனில் படம் பார்த்தார், நோட்டில் வரைந்துகொண்டார். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நுழையும் குழாயின் இரண்டு முனையிலும் கிண்ணம் போன்ற இரண்டு வளையங்களை உட்காரவைக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் கோணிவிடும். பிளம்பர் நீளமான மரை போட்ட கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் குழாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினார்கள். கிண்ணங்கள் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, கடைசியில் 'டக்' என்று உட்கார்ந்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பெடல் சுற்றும் அச்சைப் பொருத்தும்போதுதான் தகராறு. இடது பக்கம் நல்ல பிள்ளையாக ஏறியது. வலது பக்கம் அரைச் சுற்றுக்கு மேல் போக மறுத்தது.

"அழுக்கு இருக்கும்ணே. தள்ளுங்க, நான் ஒரு அழுத்து அழுத்தறேன்" என்று பிளம்பர் குழாய் முறுக்கும் பெரிய ஸ்பானரை எடுத்தார்.

சமையலறையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், அவள் குரல் வந்தது. "அந்தப் பக்கம் எதிர்த் திருகு. இடது பக்கமாச் சுத்துங்க."

இரண்டு ஆண்களும் வாயை மூடிக்கொண்டு இடது பக்கமாகச் சுற்றினார்கள். வெண்ணெயில் போவது போலப் போனது.

"அக்காவக் கூப்பிட்டு மேஸ்திரியா வச்சிருக்கலாம்" என்றார் பிளம்பர். அதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும் என்று திருகாணி பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே, நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். எப்போதாவது ஏதாவது கேட்பாள்.

"சீட்டை இவ்வளவு கீழ வச்சா உங்க முட்டி தாடையில இடிக்குமே?"

"அப்புறம் ஏத்திக்கலாம்."

"ம்."

திருகாணி அந்த மூன்று வாரமும் ஒரே ஒரு விஷயத்தில்தான் மண்டையை உடைத்துக்கொண்டார். சைக்கிளுக்கு இரண்டு பிரேக். முன்னதுக்கு ஒரு கை, பின்னதுக்கு ஒரு கை. அவளுக்கோ நம்பக்கூடிய கை ஒன்றுதான். தேடித் தேடி ஒரு சாமானைக் கண்டுபிடித்தார். தீப்பெட்டியைவிடச் சின்ன உலோகப் பெட்டி. வலது பிரேக் லிவரிலிருந்து ஒரு கம்பி அதற்குள் போகும். மறுபக்கம் இரண்டு கம்பியாக வெளியே வந்து, ஒன்று முன் பிரேக்கையும் ஒன்று பின் பிரேக்கையும் இழுக்கும். பின் சக்கரம் கண்ணிமைக்கிற நேரம் முன்னாடி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் குப்புற விழ நேரும். அந்தக் கண்ணிமைப்பைக் கொண்டுவர நான்கு சாயங்காலம் கம்பியை இழுத்தும் தளர்த்தியும் பார்த்தார். பெடல் பக்கத்தில் ஒரே ஒரு பல்சக்கரம்; கியர் எல்லாம் பின்னால் மட்டும், அதை மாற்றுவதும் வலது கையே. ஆக, இடது பக்கம் துப்புரவாக ஒன்றுமில்லை. ஹேண்ட்பாரின் அந்தப் பாதியில் கறுப்பு டேப் மட்டும் வழவழவென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஓடியது. தன் வாழ்நாளில் இவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கி, ஹாலின் நடுவில் நிறுத்தினார். பிளம்பரும் வந்திருந்தார்.

"இது உனக்கு" என்றார்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷம் சைக்கிள் மேலயே உக்காந்திருந்தவ நான். ஃபிரேமைப் பாத்தா ஆள் உயரம் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வண்டியைச் சுற்றி வந்தாள். சீட்டைத் தட்டினாள். வலது லிவரை அழுத்திப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பிறகு இந்தப் பக்கம் வந்து, வெறும் டேப் மீது இடது கையை வைத்தாள். விரல்கள் எதையோ தேடின.

"இந்தப் பக்கம் என்ன?"

அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். சின்னப் பெட்டியைக் காட்டினார், ஒரு கம்பி இரண்டாகப் பிரிவதைக் காட்டினார், கண்ணிமைப்பைச் சொன்னார். "இடது கைக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா புடிச்சுக்கிட்டாப் போதும்" என்று முடித்தார்.

"ஒரு வேலையும் இல்ல."

"ஆமா!"

அவள் டேப்பிலிருந்து கையை எடுத்தாள். பிளம்பருக்குப் புரிந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது என்று யாரோ கூப்பிட்டது போல நைசாக நகர்ந்துவிட்டார்.

"ஆபீஸ்லயும் இதையேதான் சொல்றாங்க" என்றாள். "நீங்க வைங்க மேடம், நான் எடுத்துத் தரேன்னு. பஸ்ல ஏறினா எந்திரிச்சு எடம் குடுக்கறாங்க. மளிகைக் கடையில பையை வாசல் வரைக்கும் தூக்கிட்டு வராங்க. எல்லாரும் நல்லவங்கதான். இப்ப நீங்களும்."

"நான் உன் கஷ்டத்தைப் பாத்துட்டுத்தான்..."

"ஒரு நாளைக்கு முந்நூறு தடவ அந்தப் பந்தை அமுக்கறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? பொழுது போகலைன்னா?" இடது கையை அவர் முன்னால் நீட்டினாள். "அந்தக் கைக்கு வேலை வேணும்னு நான் போராடிட்டிருக்கேன். நீங்க அதுக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டீங்க."

உள்ளே போனாள். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நான்கு நாள் வீட்டில் பேச்சு, 'சாவி', 'சாப்பாடு' என்கிற அளவில் நின்றது. ஆனால் கோபமானாலும் பின்னல் போட்டாக வேண்டுமே. தினமும் காலையில் அவள் முதுகைக் காட்டி முக்காலியில் உட்காருவாள். அவர் சிக்கெடுப்பார். இரண்டாம் நாள் அந்த முதுகைப் பார்த்து, "உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார். "ம்" என்றாள். ரப்பர் பேண்டைக் கையை மட்டும் பின்னால் நீட்டிக் கொடுத்தாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் புதன்கிழமை போன் செய்தாள். அம்மாவின் குரலில் ஏதோ சரியில்லை என்று பிடித்துக்கொண்டு, அப்பாவைத் தனியாக அழைத்தாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"அம்மாவைக் கேக்கவே இல்லையாப்பா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நெனச்சேம்மா."

"அம்மாவுக்கு இந்த வருஷம் ஒரு சர்ப்ரைஸ் போதாதா?"

வியாழக்கிழமை கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சைக்கிளைப் பிரிக்க ஆரம்பித்தார். முதலில் சங்கிலி. பிறகு சக்கரங்கள். பிறகு அந்த அழகான டேப்பை, ஒட்டியது ஒட்டியபடி சுற்றுச் சுற்றாக உரித்தார். பிளம்பர் எட்டிப் பார்த்து அலறினார்.

"அண்ணே! என்ன ஆச்சு உங்களுக்கு? மூணு வாரம் கட்டினதாச்சே!"

"ஆளைக் கேக்காமக் கட்டிட்டேன்."

"அதுக்கு? ஒரு லிவரை மாட்டிவிட்டா முடிஞ்சது. அடியோட எதுக்குப் பிரிக்கணும்?"

திருகாணி அடுத்த நட்டைக் கழற்றினார். ஒரு லிவரை மட்டும் மாட்டினால், அது அவர் கட்டிய சைக்கிளில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது போல இருக்கும் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டு, கூடவே உட்கார்ந்து பெடலைக் கழற்றினார்.

ஆறு மணிக்கு அவள் வந்தபோது பச்சை ஃபிரேம் பழையபடி வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் நியூஸ்பேப்பர் விரித்து அத்தனை சாமான்களும் பரப்பியிருந்தன. ஃபிரேமுக்கு முன்னால் அவளுடைய நாற்காலி.

"என்னங்க இது?"

"மொதல்லேருந்து ஆரம்பிக்கலாம். நீ சொல்லு, நான் திருகறேன்."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். பரப்பி வைத்த சாமான்களை ஒரு பார்வை பார்த்தாள். அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் கிரீஸ், மூக்குநுனியில் கொஞ்சம்.

"திருகறது யாருங்கறத அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். "லிவர் ஜோடியாத்தானே வந்திருக்கும்? இடது பக்கத்தது எங்க?"

அது அட்டைப்பெட்டியில், பிரிக்காத உறைக்குள் அப்படியே இருந்தது.

இரண்டாவது தடவை கட்ட ஐந்து வாரம் பிடித்தது. சிக்கலே அவள் பல இடங்களில் "நான் பண்றேன்" என்று சொன்னதுதான். ஒரு நட்டைப் பிடிக்க இடது கை பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். பாதியில் நழுவும். திருகாணிக்கு விரல் நுனியெல்லாம் அரிக்கும். பிடுங்கி முறுக்கிவிட்டால் பத்து நொடி வேலை. அவர் தன் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அவள் அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள்.

பின் பிரேக் இடது கைக்கு என்று முடிவானது. முன் பிரேக்கும் கியரும் வலது கைக்கு. ஆனால் லிவர் ஹேண்ட்பாரிலிருந்து தள்ளி நின்றது. அவள் விரல் அதுவரை நீண்டு, வளைந்து, இழுக்க வேண்டும். நீள்வதுதான் அந்த விரல்களுக்கு ஆகாத காரியம். திருகாணி கடையிலிருந்து காதில் மாட்டும் உடைந்த மூக்குக்கண்ணாடிக் காம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக்கை நறுக்கி, ஆப்பு மாதிரி தேய்த்து, லிவரின் மூட்டுக்குள் செருகினார். லிவர் ஹேண்ட்பாரை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

மறுபடி தேய்த்தார். "இப்ப?"

"கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"இப்படிக் கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க, பழகிடும். எங்கயாவது அழுத்துதா மேடம்?" கடையில் பேசுகிற குரல் அவரையும் மீறி வந்துவிட்டது, 'மேடம்' உட்பட.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைக்கு வர்ற எல்லாரையும் இப்படிக் கேக்கறீங்களா?" என்றாள்.

"கேக்காம எப்படி மாட்டிவிடறது?" என்று சொல்லிவிட்டு, அவரே கொஞ்சம் நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டார். அவள் லிவரை மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

கம்பி போகும் உறையை வளைவு குறைத்து வெட்டினார். உள்ளே உராய்வில்லாமல் போகிற கம்பியாகப் பார்த்து வாங்கினார். பிரேக்கின் ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்தலாமோ அவ்வளவு தளர்த்தினார். பிறகு பரீட்சை. அவர் பெடலைக் கையால் சுற்றிப் பின் சக்கரத்தை வேகமாக ஓடவிடுவார்; அவள் இடது கையால் பிடிக்க வேண்டும். முதல் நாள் சக்கரம் முனகியது, வேகம் குறைந்தது, நிற்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். ஒவ்வொரு சாயங்காலமும் பத்துத் தடவை. எட்டாம் நாளா ஒன்பதாம் நாளா என்று இருவருக்கும் இன்றுவரை சண்டை, சக்கரம் 'சர்ர்' என்று இழுத்து, நின்றது.

"நின்னுச்சு" என்றாள்.

"நின்னுச்சு."

"மறுபடி சுத்துங்க."

சுற்றினார். நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடி நின்றது. இருவரும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "அண்ணே, ஓடறதுக்குத்தானே சைக்கிள்? நிக்கறதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார் பிளம்பர்.

ஹேண்ட்பார் டேப்பை அவளே சுற்றினாள். இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை இழுத்துச் சுற்ற, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை சாயங்காலம் என்று மூன்று சாயங்காலம் ஆனது. ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் இடைவெளி. அதைப் பார்த்ததும் திருகாணியின் கை தானாக உயர்ந்து, பாதியில் இறங்கிவிட்டது.

"கோணலா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"ரொம்பவா?"

"பாக்கற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் திருப்தியாக.

கைக்குப் பயிற்சி தரும் ஆஸ்பத்திரி அம்மாள் அவளை ஒற்றைக்காலில் நிற்கவைத்தும், கண்ணை மூடி நடக்கவைத்தும் பார்த்து, முதலில் வண்டி வராத இடத்தில் ஓட்டுங்கள் என்று அனுமதி கொடுத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீஸின் பின்பக்க முற்றத்தில், வேன்கள் இல்லாத நேரத்தில் வட்டமடித்தாள். முதல் வட்டத்தில் வண்டி பாம்பு போல நெளிந்தது. நான்காவது வட்டத்தில் நெளிவு நின்றது. திருகாணி கூடவே ஓடி ஓடி, டாக்டர் ஆறு வருடத்துக்கு முன்னால் சொன்னதை ஒருவழியாக நிறைவேற்றினார்.

அந்தக் கை முழுசாகத் திரும்பி வந்ததா என்றால், இல்லை. இன்றைக்கும் பின்னல் அவர்தான் போடுகிறார். ஆனால் அவள் இப்போது தபால் பிரிக்கும்போது இடது கையில் கடுதாசிக் கட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொன்றாக அந்தந்த அறைக்குள் வீசுகிறாளாம். பக்கத்தில் இருக்கிற அம்மாள் எடுத்துத் தருவதை நிறுத்திவிட்டாராம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், தெருவுக்கு இறங்கினாள். ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டாள். "கூட வரவா?" என்று கேட்டார் திருகாணி.

"எதுல?"

நியாயமான கேள்விதான். அவரிடம் சைக்கிள் கிடையாது.

அவள் வலது காலை அழுத்திக் கிளம்பினாள். அவர் செருப்போடு பத்தடி ஓடிவிட்டு நின்றார். பச்சை வண்டி பேக்கரியைத் தாண்டியது, மெடிக்கல் ஷாப்பைத் தாண்டியது, குனிந்த முதுகு சின்னதாகிக்கொண்டே போய், முனையில் திரும்பி மறைந்தது. கை காட்டவில்லை. இரண்டு கையும் வேலையில் இருந்தது.

பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. பிளம்பர் வேன் சாவியோடு இறங்கி வந்தார். "ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வரவாண்ணே?"

"வேணாம்."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். சும்மா பின்னாடியே தூரத்துல..."

"வேணாம்ப்பா." சொல்லிவிட்டு, தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமலே பிளம்பரின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிளம்பரும் பேசாமல் நின்றார், அவருடைய வாழ்க்கையிலேயே நீண்ட மௌனமாக அது இருந்திருக்கும்.

நாற்பது நிமிடம் கழித்து, போன முனையில் வராமல் எதிர் முனையிலிருந்து வந்தாள். முகம் சிவந்து, கண்ணோரம் காற்றில் ஈரமாகி. அவருக்கு இரண்டடி முன்னால், துல்லியமாக, வண்டி நின்றது. காலை ஊன்றினாள். மூச்சு வாங்கியது. வலது கையை எடுத்துவிட்டாள். இடது விரல்கள் லிவரைப் பிடித்தது பிடித்தபடி இறுகியிருந்தன.

திருகாணி விரல்களைப் பிரித்துவிட இரண்டு கையையும் நீட்டினார்.

"இருங்க" என்றாள். "அதுவாத் திறக்கும்."

நடுத்தெருவில் நின்றார்கள். ஒரு ஸ்கூட்டர் ஹார்ன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"பழைய ரூட்டுல போனேன்" என்றாள் மூச்சுக்கு நடுவில். "அந்த மஞ்சள் கேட் வீட்டு நாய், பதினஞ்சு வருஷமா என்னைப் பாத்து வாலாட்டின நாய், இன்னிக்குத் துரத்திட்டு வருதுங்க. பையில்லாம அடையாளம் தெரியல அதுக்கு."

"நீ என்ன பண்ணே?"

"என்ன பண்றது, மிதிச்சேன். வேகம் முப்பதைத் தாண்டியிருக்கும்." சுண்டுவிரல் விட்டது. பிறகு மோதிரவிரல். "சீட்டு ஒரு அரை விரல் மேல வேணுங்க. முட்டி முழுசா நீள மாட்டேங்குது."

"சாயங்காலம் பாத்துக்கலாம்."

"இப்பவே பண்ணலாமே, அஞ்சு நிமிஷ வேலை."

நடுவிரல் கடைசியாக விட்டது. அவள் கையை உதறிக்கொண்டு இறங்கினாள். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக அவர் ஃபிரேமின் நடுவில் கையைக் கொடுத்துக் குனிந்தார்.

"பின்பக்கம் நீங்க புடிங்க" என்று, முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் முதல் படியில் ஏறினாள்.